பல்லியின் தாளத்தை நேராக்கியவர்

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று சொன்னவன் என் வீட்டுக்காரரைப் பார்த்ததில்லை. இவரிடம் ஒரு வாரம் நாயை விட்டிருந்தால் வாலை நிமிர்த்தி, நுனியைச் சீவி, "இப்பப் பாருங்க" என்று திருப்பிக் கொடுத்திருப்பார். அதற்குப் பிறகு நாய் வாலை ஆட்டுமா, ஆட்டாதா என்பது அவர் கவலை இல்லை.

அவர் ஒலிப்பதிவுக்காரர். எங்கள் வீட்டின் கீழ்த்தளம்தான் ஸ்டுடியோ. முன்பு அது ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்யும் ஒருவருடைய கிடங்காக இருந்தது. சுவர் முழுக்கச் சாம்பல் நிற ஸ்பாஞ்சு ஒட்டி, கதவுக்கு இரட்டைப் பலகை போட்டு, நடுவில் ஒரு கண்ணாடி வைத்து, இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். பெரிய பாடகர்கள் யாரும் எங்கள் படியை மிதித்ததில்லை. வந்ததெல்லாம் பாடப்புத்தகம் வாசிப்பவர்கள், இருமல் மருந்து விளம்பரம், தொலைபேசியில் காத்திருக்கும்போது ஓடும் இசை, லிஃப்ட் அறிவிப்பு, இந்த மாதிரி. பேசுபவர் திக்கினால் திக்கலை வெட்டி எடுத்துவிடுவார். எச்சில் விழுங்கினால் அந்தச் சத்தத்தையும். மூச்சு வாங்கினால் மூச்சையும். அதனால் தொழிலில் அவருக்குக் 'கத்திரி' என்று பேர். அந்தப் பேரில் அவருக்குப் பெருமை. பொய் சொல்வானேன், எனக்கும்தான்.

ஊரில் பாதி லிஃப்டில் பேசுவது நான். "கதவு மூடுகிறது", "நான்காம் தளம்" எல்லாம் என் குரல். ஒருநாள் மாமியாரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது, லிஃப்டில் பக்கத்தில் நின்ற அம்மாள், "இந்தப் பொம்பளை மூச்சே விடமாட்டா போல" என்றாள். "ஆமாங்க" என்றேன். இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு, வாசலிலிருந்து ஓடி வந்ததில் இரைத்துக்கொண்டு நின்ற நான்தான் அந்தப் பொம்பளை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்கு வந்து இவரிடம் சொல்லி இரண்டு பேரும் சிரித்தோம். அன்றைக்கு அது வெறும் வேடிக்கையாகத்தான் இருந்தது.

'குழாயடி' என்று ஒரு இசைக்குழு எங்களிடம் வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்பு. பேரைக் கேட்டதுமே எனக்குப் பிடித்துப்போயிற்று. குழாயடிச் சண்டையை அப்படியே மேடையில் ஏற்றியது போல இருக்கும் அவர்கள் பாட்டு. நாலு பேர். டயர் கடையில் வேலை பார்க்கும் ஒருவன் பாடுவான். பாடுவான் என்று சொல்வது மரியாதைக்கு, கத்துவான். பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக இருப்பவன் கிடார். பார்சல் வண்டி ஓட்டுபவன் பேஸ் கிடார். டிரம்ஸ் வாசிப்பது ஒரு பெண். முப்பது வயது இருக்கும். செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை. ஒல்லியாக இருப்பாள், சுவரோரமாகவே நடப்பாள், தொழில் வேறு பல். எல்லாவற்றையும் சேர்த்து 'பல்லி' என்று கூப்பிட்டார்கள். அவளும் அதை விரும்பி, டிரம்ஸின் முன்தோலில் ஒரு பல்லியை வரைந்து வைத்திருந்தாள்.

"பங்க் ராக்னா என்னப்பா?" என்று பாட்டுக்காரனைக் கேட்டேன்.

"கோவத்தை வேகமா வாசிக்கிறது, அண்ணி."

"அப்ப நானும் வருஷக்கணக்கா வாசிச்சிட்டுத்தான் இருக்கேன்" என்றேன். இவர் மட்டும் சிரிக்கவில்லை.

அவர்களுடைய முதல் ஆல்பம் அது. பத்துப் பாட்டு. ஒரு நிபந்தனை வைத்தார்கள். நாலு பேரும் ஒரே அறையில் ஒன்றாக வாசிப்பார்கள். காதில் டிக் டிக் என்று அடிக்கும் தாளக்கட்டை கிடையாது. வாசித்தது வாசித்தபடி வரவேண்டும். வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது. ஆல்பத்துக்குப் பேரே 'ஒரே மூச்சு'. இவர் நாற்காலியில் சாய்ந்து, "சரி. கத்திரி வைக்க மாட்டேன்" என்றார். நாலு பேர் முன்னால் சொன்னார். நானும் அங்கேதான் நின்றேன்.

பதிவு இரண்டு நாள் நடந்தது. கிடாருடைய ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றைக் குளியலறையிலும், இன்னொன்றை என் சாமான் அறையிலும் வைத்துக் கதவைச் சாத்தி, கதவிடுக்கு வழியாக வயர் இழுத்திருந்தார். ஒரு சத்தம் இன்னொன்றில் கலக்கக் கூடாதாம். இரண்டு நாளும் நாங்கள் குளிக்கப் பக்கத்து வீட்டுக்குப் போனோம். அவர்கள் வாசிக்க ஆரம்பித்ததும் கண்ணாடி அதிர்ந்தது. நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மெல்லிய பாட்டு கேட்டு வளர்ந்த காது என்னுடையது, முதலில் எரிச்சலாகத்தான் வந்தது. மூன்றாவது பாட்டில் ஒரு இடம். பாட்டுக்காரன் வரியை முடிப்பதற்கு முன்பே பல்லி ஓட ஆரம்பித்தாள். தாளம் முன்னால் பாய்ந்தது. மற்ற மூவரும் முகம் சிவக்க அவளைப் பிடிக்க ஓடினார்கள். பிடித்த இடத்தில் அவள் ஒரு கணம் தயங்கி நின்றாள், பிறகு மறுபடி ஓடினாள். டீ என் புடவையில் கொட்டியதைக் கூட நான் கவனிக்கவில்லை.

"அவ ஓடுவா, நாங்க துரத்துவோம். அவ்வளவுதான் அண்ணி எங்க பாட்டு" என்று பேஸ்காரன் பிறகு சொன்னான்.

அவர்கள் போன மறுநாள் காலையில் இவர் உட்கார்ந்தார். சத்தத்தின் அளவைச் சீராக்கும் வேலை மட்டும்தான் பாக்கி. மூன்று நாள் போதும். பதினோரு நாள் ஆயிற்று.

கத்திரி வைத்துவிட்டார்.

எப்படி என்று சொல்லிவிடுகிறேன். கணினித் திரையில் சம இடைவெளியில் கோடுகள் இருக்கும். அதுதான் கணக்கான தாளம். டிரம்ஸின் ஒவ்வொரு அடியும் ஒரு முள் மாதிரி நிற்கும். பல்லியின் அடிகள் கோட்டுக்கு முன்னால் விழுந்திருந்தன, சில இடத்தில் பின்னால். மூன்றாவது பாட்டில் ஒரே ஒரு அடி ரொம்பத் தள்ளி இருந்ததாம். அதை மட்டும் பிடித்துக் கோட்டின் மேல் நகர்த்தினார். நகர்த்தியதும் பக்கத்து அடி கோணலாகத் தெரிந்தது. தரையில் ஒரு இடத்தைத் துடைத்துவிட்டால் மிச்ச இடமெல்லாம் அழுக்காகத் தெரியும் இல்லையா, அந்தக் கதைதான். டிரம்ஸை நகர்த்தினால் கிடாரையும் பாட்டையும் கூடவே நகர்த்த வேண்டும். நகர்த்தினார். பத்துப் பாட்டு, ஆயிரக்கணக்கான அடி. நான் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால், "இதோ, இந்த ஒரு அடி" என்பார். மனசாட்சி உறுத்தியதா என்று பிறகு கேட்டேன். "நல்லதுதானே செய்யறோம்னு இருந்துச்சு" என்றார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் ஒரு இடத்திலாவது கை நின்றிருக்கும்.

நாலு பேரும் கேட்க வந்தார்கள். முதல் பாட்டு முடிந்ததும் பாட்டுக்காரன் எழுந்து குதித்தான். ஸ்டுடியோ என்றால் இப்படித்தான் வரும் போல என்று மூன்று ஆண்களும் நினைத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் தங்கள் வாசிப்பை ஒழுங்காகக் கேட்டவர்கள் இல்லை அவர்கள். யாரோ போனில் எடுத்த வீடியோக்கள் உண்டு. அவற்றில் பாட்டுக்காரனுடைய கத்தலைத் தவிர எதுவும் கேட்காது. பல்லி மட்டும் விரலால் தொடையில் தட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கடைசிப் பாட்டும் முடிந்த பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நான் ஓடறதா நெனச்சுக்கிட்டே இருந்தேண்ணே. ஓடவே இல்லையே. எல்லாம் மனசுக்குள்ளதானா?"

இவர் வாயைத் திறந்தார். நான் டீத் தட்டோடு வாசலில் நின்றேன். பாட்டுக்காரன் அவள் தலையில் தட்டி, "மூஞ்சியப் பாரு. பயந்தாங்கொள்ளி, எவ்வளவு அழகா வாசிச்சிருக்கே" என்றான். அவள் சிரித்தாள். இவர் வாயை மூடிக்கொண்டார்.

அவர்கள் போன பிறகுதான் என்னிடம் விஷயத்தைச் சொன்னார். கேட்டதும் எனக்குத் திக்கென்றது. ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சொல்லாதீங்க" என்றேன். "அவளே சந்தோஷமாப் போயிருக்கா. தெளிஞ்ச குட்டைய ஏன் குழப்பணும்? உங்க பேரும் கெடும், அவ மனசும் நோகும்." இவர் தலையாட்டினார். நான் சொல்வதற்காகவே காத்திருந்தது போலத் தலையாட்டினார். அந்த வாரம் வெள்ளிக்கிழமை, வழக்கப்படி பழைய பதிவுகளை அழித்தார். வேலை கைமாறியதும் மூலப் பதிவை அழித்துவிடுவது இவர் பழக்கம். கணினியில் இடம் வேண்டும் என்பது ஒன்று, கழுவிவிட்ட தரை போல இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. இருமல் மருந்து விளம்பரத்தோடு சேர்த்துக் 'குழாயடி'யையும் அழித்தார். வேண்டுமென்றே செய்யவில்லை. வெள்ளிக்கிழமை, அதனால் செய்தார்.

ஆல்பம் வெளிவந்தது. அட்டையின் பின்பக்கத்தில், "வெட்டு இல்லை, ஒட்டு இல்லை. ஒரே அறை, ஒரே மூச்சு" என்று பெரிய எழுத்தில் போட்டு, அதன் கீழே "ஒலிப்பதிவு: கத்திரி அண்ணன்" என்றும் போட்டிருந்தார்கள். அதைப் படித்தபோது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, சோற்றையும் நாமே பரிமாறுகிறோம் என்று தோன்றியது. யாருக்கும் தெரியவில்லை. இசைப் பத்திரிகை ஒன்றில் எழுதியவர் பல்லியைத்தான் தூக்கி வைத்து எழுதினார். தாளக்கட்டை இல்லாமல், ஒரு இடத்தில் கூட வெட்டாமல், இவ்வளவு துல்லியமாக ஒருவர் வாசிக்க முடியுமா, கடிகாரமே இந்தப் பெண்ணைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார். பல்லி அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துவந்து எங்களிடம் காட்டினாள். பல் கூடத்தில் முதலாளி அம்மா இன்னொரு பிரதியை வாங்கி அதைச் சுவரில் ஒட்டியிருக்கிறாளாம். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார். படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கான்" என்றார். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

அப்புறம் மேடை. ஆல்பத்தைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தவர்கள் கூட்டமாக வந்தார்கள். பல்லி எப்போதும் போல ஓடினாள். முன்வரிசையில் ஒருவன், "ஆல்பத்துல வாசிச்ச ஆளு எங்க?" என்று கேட்டானாம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். அதே பத்திரிகைக்காரர் அடுத்த மாதம், ஸ்டுடியோவில் இருந்த நிதானம் மேடையில் இல்லை, பதற்றம் தெரிகிறது என்று எழுதினார். அந்தப் பக்கத்தை யாரும் சுவரில் ஒட்டியிருக்க மாட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை பல்லி வந்தாள். படியில் நின்றுகொண்டே பேசினாள்.

"அண்ணே, ஆடத் தெரியாதவ மேடை கோணல்னு சொல்லுவா. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கோளாறு என்கிட்டதான். அன்னிக்கு இங்க நல்லா வாசிச்சிருக்கேன், இப்ப கை கெட்டுப்போச்சு. நீங்க கேட்டவரு. வாரத்துக்கு ஒரு நாள் இங்க வந்து வாசிக்கிறேன். எங்க தப்புன்னு சொல்லுங்க, போதும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன். பிறகு நான் மேஜையிலிருந்த நோட்டை எடுத்து, 'சனி, காலை பத்து, பல்லி' என்று எழுதினேன். என் கைதான் எழுதியது.

பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதை நாங்கள் ஆறு மாதம் செய்தோம். பல்லி காதில் தாளக்கட்டையை மாட்டிக்கொண்டு உட்காருவாள். தன் ஆல்பத்தைத் தானே போட்டுக் கேட்டு, அதைப் போல வாசிக்கப் பார்ப்பாள். இவர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு, "கொஞ்சம் முன்னால விழுதும்மா... இப்பப் பரவாயில்ல... மறுபடி" என்பார். குரல் அப்படியே வாத்தியார் குரல். அவள் ஒவ்வொரு தடவையும் "மன்னிச்சிருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு வர ஆரம்பித்தாள். பல் கூடத்தில் கை நடுங்கி ஒரு அச்சு உடைந்துவிட்டது என்று ஒருநாள் சொன்னாள். அன்றைக்கு இவர் மத்தியானம் சாப்பிடவில்லை. நான் திட்டினேன். எதற்குத் திட்டினேன் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். சாப்பாட்டைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொண்டோம்.

ஆறாவது மாதம் பாட்டுக்காரன் தனியாக வந்தான். வழக்கமான குதிப்பு இல்லை.

"அண்ணே, அவ இப்ப ஓடறதில்ல. நாங்களும் துரத்தறதில்ல. ஆல்பத்தைக் கேட்டுக் கேட்டு நாங்களும் அப்படியே பழகிட்டோம். தப்பே வரல. ஆனா வரிசையில நிக்கவச்ச மாதிரி இருக்கு. ஏன்னு புரியல" என்றான். கொஞ்சம் தயங்கிவிட்டு, "அடுத்த நிகழ்ச்சியோட விலகிடறேன்னு சொல்றா. அவளாலதான் எல்லாம் கெட்டுச்சாம். பதினாலு வயசுலேர்ந்து வாசிக்கிறவ. நீங்க சொன்னா கேப்பா. சொல்லுங்கண்ணே" என்றான்.

"சொல்றேன்" என்றார் இவர்.

அந்தச் சனிக்கிழமை பயிற்சிக்கு முன்னால் மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். பல்லி தன் வேலையைப் பற்றி ஏதோ பேசினாள். புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு முழுப் பல் செட்டை அளவெடுத்தது போல நேராகச் செய்துவிட்டாளாம். டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

"இது பல்லு இல்ல, பாத்ரூம் டைல்ஸுன்னு எழுதி அனுப்பிட்டாரு, அண்ணி. எப்பவுமே ஒரு பல்லை லேசாத் திருப்பி வைக்கணும். இல்லன்னா அந்த ஆளு சிரிச்சா அவரு சிரிக்கற மாதிரியே இருக்காது" என்று சொல்லிச் சிரித்தாள். வெகுநாள் கழித்து அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

இவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். நான் பின்னாலேயே போனேன். இருட்டான அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"சொல்லிடப் போறேன்" என்றார்.

"சொன்னா நம்புவாளா? ஆறுதலுக்குச் சொல்றீங்கன்னு நெனப்பா. பழைய பதிவுதான் இல்லையே."

"இப்ப வாசிக்கச் சொல்றேன். பதிவு பண்ணி, அவ கண் முன்னாலயே கோட்டு மேல நகர்த்திக் காட்டறேன். ஆல்பம் மாதிரியே வந்துடும். அப்பத் தெரிஞ்சுக்குவா."

இந்தத் தடவை நான் தடுக்கவில்லை. நல்ல யோசனை என்று கூட நினைத்தேன். ஆறு மாதப் பாரம் இன்னும் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும், திட்டட்டும், காறித் துப்பட்டும், பிறகு அவள் பழையபடி ஓடுவாள் என்று நினைத்தேன்.

பல்லியைக் கூப்பிட்டார். "இன்னிக்கு அந்த டிக் டிக் வேண்டாம். மூணாவது பாட்டு. சும்மா உன் இஷ்டத்துக்கு வாசி" என்றார். அவள் வாசித்தாள். நான் இவர் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தேன். முட்கள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. ஒவ்வொன்றும் கோட்டின் மேல் நின்றது. இவர் படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். கோட்டின் மேல்தான்.

"இன்னொரு தடவை வாசிம்மா. வேகமா. முன்னாடியெல்லாம் ஓடுவியே, அப்படி" என்று மைக்கில் சொன்னார்.

அவள் வேகமாக வாசித்தாள். வேகம் மட்டும்தான் கூடியது. ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரே வேகம். இழுப்பும் இல்லை, பாய்ச்சலும் இல்லை. நகர்த்திக் காட்டுவதற்கு ஒரு அடி கூட இல்லை.

அவள் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். திரையைப் பார்த்தாள். அருகில் போய் விரலை வைத்துப் பார்த்தாள்.

"எல்லாம் கோட்டு மேலயா இருக்கு?"

"ஆமா" என்றேன் நான்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "ஆறு மாசம், அண்ணி. கடைசியில பிடிச்சிட்டேன். நான் விலக வேண்டாம். பசங்ககிட்ட சொல்லணும்" என்றாள். அவள் வேர்வையில் என் தோள் நனைந்தது. எனக்குக் கை தூக்கி அவளை அணைக்க வரவில்லை. இப்படியே விட்டுவிடலாமே, சந்தோஷமாகத்தானே இருக்கிறாள் என்று அப்போதும் ஒரு நினைப்பு ஓடியது. அந்த நினைப்புக்காக நான் இன்னும் வெட்கப்படுகிறேன்.

இவர் எழுந்து நின்றார். சின்னப் பையனைப் போல இரண்டு கையையும் பக்கவாட்டில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

"அந்த ஆல்பத்துல இருக்கறது நீ வாசிச்சது இல்லம்மா. நான் நகர்த்தி வச்சது. எல்லா அடியும். நீ அன்னிக்கு ஓடினே. நான்தான் நிறுத்தி வச்சேன்."

அவள் கை என் தோளிலிருந்து இறங்கியது. திரையை ஒரு தடவை பார்த்தாள். அவள் நம்பினாள். எப்படி நம்பினாள் என்று தெரியவில்லை, ஒரு சாட்சியும் கேட்காமல் நம்பினாள். அவள் மனசுக்குள் எப்போதும் அது தெரிந்திருக்க வேண்டும்.

திட்டுவாள் என்று காத்திருந்தோம். திட்டியிருந்தால் எங்களுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"அன்னிக்கு நான் வாசிச்சது இருக்கா?" என்று கேட்டாள்.

"அழிச்சிட்டேன்."

"சரி." பிறகு டிரம்ஸ் குச்சியில் ஒன்றை இவரிடம் நீட்டினாள். "இந்த மேஜையில தட்டிக் காட்டுங்கண்ணே. மூணாவது பாட்டுல அந்த ஓடற இடம் மட்டும் போதும். எனக்கு மறந்துபோச்சு. கை இப்ப வேற மாதிரி ஆயிடுச்சு. உங்க காது ஒரு தடவை கேட்டா மறக்காதுன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க காட்டுங்க, நான் மறுபடி பழகிக்கிறேன்."

அவள் கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டாள். இவர் குச்சியை வாங்கினார். மேஜைக்கு மேலே தூக்கினார். தூக்கிய கை அங்கேயே நின்றது.

"தெரியாதும்மா" என்றார்.

"லேசா ஞாபகம் இருந்தாக் கூடப் போதும்ணே."

"நான் கேக்கலம்மா. சத்தம் தாங்கலன்னு குறைச்சு வச்சிட்டு, திரையைப் பாத்துதான் நகர்த்தினேன். எந்த அடி கோட்டுல இல்லன்னு பாத்தேன். அவ்வளவுதான்."

"பதினோரு நாளுமா?"

"பதினோரு நாளும்."

"பதிவு பண்ணின அன்னிக்கு?"

"அன்னிக்கும் சத்தம் அளவு தாண்டுதான்னு மீட்டரைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

பல்லி அவர் கையிலிருந்து குச்சியை மெதுவாக வாங்கிக்கொண்டாள். "அப்ப யாருதாண்ணே கேட்டாங்க?" என்றாள். கோபம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

நான் கேட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, கையிலிருந்த டீ கொட்டியது தெரியாமல் முழுவதையும் கேட்டவள் நான்தான். கேட்டு, அது எப்படிப்பட்டது என்று தெரிந்த பிறகும், "சொல்லாதீங்க" என்றவளும் நான்தான். அந்த வாயால் எதையும் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.